நான்கு போர்டுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி: செட்டிநாட்டு வீட்டுக்கு எது பொருந்தும்?

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டி, சுவிட்சைப் படித்து, ரிலேயை இயக்கும் சிறு மின்னணு அட்டை) வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "எது நல்ல போர்டு?" என்றுதான். வேலையையும் இடத்தையும் சொல்லாமல் கேட்டால் அதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, நான்கு போர்டுகளையும் அந்த வேலையில் இறக்கிப் பார்ப்போம்: ஆர்டுயினோ ஊனோ, நோட் எம்.சி.யூ. (ஈ.எஸ்.பி. 8266), ஈ.எஸ்.பி. 32, ராஸ்பெரி பை பீக்கோ.

வேலை இதுதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகள் பலவும் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. மோட்டார் பின்கட்டில் இருக்கும். தொட்டி இரண்டாங்கட்டுக்கு மேலே மாடியில் இருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு முகப்புக்குப் போனால், தொட்டி நிரம்பி வழியும் சத்தம் அங்கே கேட்காது. மழை குறைந்த சீமை. ஊருணி வெட்டித் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பழகிய ஊர்கள். இங்கே தண்ணீர் வழிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்பது.

தானாகப் போடுவதை முதல் முயற்சியில் சேர்க்காதீர்கள். போர்வெல் மோட்டார் பேனல்கள் பலவற்றில் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஸ்டார்ட் கெபாசிட்டர் சேர்ந்து மோட்டார் கிளம்பும். அது சேராமல் வெறும் மின்சாரம் மட்டும் போனால் மோட்டார் சுற்றாமல் உறுமும், காயில் கருகிவிடும். ஆகவே போடுவது ஆள், நிறுத்துவது போர்டு. பேனலுக்கு முன்னால் ஒரு காண்டாக்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைச் சேர்க்கவும் விடவும் செய்யும் கனத்த மின்சுவிட்ச்) இருக்கட்டும். போர்டோடு இணைத்த சிறு பட்டனை ஆள் அழுத்தினால் காண்டாக்டர் சேரும், பிறகு அவர் பேனலில் மோட்டாரைக் கிளப்புவார். தொட்டி நிறைந்தால் போர்டு காண்டாக்டரை விடும். கரண்ட் போய் வந்தாலும் காண்டாக்டர் விழுந்தே கிடக்க வேண்டும்.

எந்தப் போர்டானாலும் மாறாதவை

தொட்டிக்குள் அளவெடுக்க எல்லோரும் முதலில் நினைப்பது ஒலி அலையை அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். முதல் முறைக்கு மிதவை சுவிட்ச் போதும் என்பது எங்கள் கருத்து. மலிவானது, நீண்ட கம்பியிலும் வேலை செய்யும், நீராவி படிந்தாலும் தவறாகப் படிக்காது. தொட்டி நிறையாதபோது தொடுப்பு மூடியும், நிறைந்தால் திறந்தும் இருக்கும்படி மிதவையைக் கட்டுங்கள். அப்போது எலி கம்பியைக் கடித்தாலும் "நிறைந்துவிட்டது" என்றே போர்டு படிக்கும், மோட்டார் நிற்கும். தலைகீழாகக் கட்டினால், கம்பி அறுந்த அன்று மோட்டார் நிற்கவே நிற்காது.

இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு மட்டம் பார்க்கும் முறையும் உண்டு. அதில் எப்போதும் நேர்மின்சாரம் ஓடவிட்டால் மின்பகுப்பு நடக்கும். நேர்முனைக் கம்பி கரைந்து பச்சை பூத்துப் போகும். அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அந்த ஊரிலேயே செம்புக் கம்பியைத் தொட்டியில் விட்டு ஏமாறக் கூடாது. அந்த முறைதான் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள். அதற்கான மின்சாரத்தை போர்டின் ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து (கம்பி செருகும் முனை) எடுத்து, படிக்கும் சில மில்லி விநாடிகள் மட்டும் கொடுத்து உடனே அணைத்துவிடுங்கள்.

மாடியிலிருந்து பின்கட்டு வரை 30 மீட்டர் கம்பி போகிறது என்றால், போர்டுக்குள் இருக்கும் புல்-அப் மின்தடை (மிதவை திறந்திருக்கும்போது பின்னை நேர் மின்னழுத்தத்தில் பிடித்து வைப்பது) போதாது. ஊனோவில் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை. மோட்டார் கம்பி பக்கத்தில் ஓடினால் அந்த இரைச்சலையெல்லாம் இது வாங்கிக்கொள்ளும். அதே வேலைக்கு வெளியே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்து, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். புரோகிராமிலும் மூன்று விநாடி தொடர்ந்து ஒரே நிலை இருந்தால்தான் நம்ப வேண்டும். தண்ணீர் கொட்டும்போது மிதவை ஆடும்.

ரிலே (போர்டின் சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பற்றி ஒரு வார்த்தை. நீல நிற ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அது பல்பு, ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 5 முதல் 7 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்த நொடியில் ரிலேயின் தொடுப்புகள் உருகி ஒட்டிக்கொண்டால், பிறகு போர்டு என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. அதனால்தான் நடுவில் காண்டாக்டர். ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. 'ஊனோ' என்றால் இத்தாலிய மொழியில் ஒன்று. இங்கே சொல்வது ஊனோ ஆர் 3 வகை; இதன் மூளை ஏ.டி.மெகா 328பி என்ற சிப். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். புரோகிராமுக்கு 32 கிலோபைட். ஓடும்போது பயன்படும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தால் இது ஏழைதான். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும், முரடு. கற்றுக்கொள்ளும் கை தவறிக் கம்பியை மாற்றிச் செருகினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ரிலே மாட்யூல்களும் மலிவு சென்சார்களும் 5 வோல்ட்டுக்கே செய்தவை என்பதால் நேரடியாகப் பொருந்தும். ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுங்கள். 40 என்பது அது தாங்கும் எல்லை, தினசரி ஓட்டத்துக்கான அளவு இல்லை.

நகல் போர்டுகள் அசலைவிடப் பல மடங்கு மலிவு. பழகுவதற்கு அதுவே போதும். அவற்றில் யு.எஸ்.பி. வேலையைச் செய்வது பெரும்பாலும் சி.எச். 340 என்ற சிப். விண்டோஸ் 10, 11 கணினிகளில் இன்டர்நெட் இருந்தால் டிரைவர் பெரும்பாலும் தானே வந்துவிடும். வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும். டிரைவரை இறக்கி நிறுவ வேண்டும். லினக்ஸில் "அனுமதி இல்லை" என்று வந்தால், உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியே போய் மறுபடி லாகின் செய்யுங்கள்.

போர்ட்டே (போர்டு இணைந்திருப்பதைக் கணினி காட்டும் பெயர்) தெரியவில்லை என்றால் வேறு எதையும் சந்தேகிப்பதற்கு முன் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பி இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது. முதல் நாள் முழுவதையும் இது ஒன்றே தின்றுவிடும். ஊனோவுக்கு பிரிண்டர் கேபிள் மாதிரி சதுர முனை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. நோட் எம்.சி.யூ., பீக்கோவுக்கெல்லாம் போன் கேபிள் போடுவதால் அங்கேதான் அதிகம். அப்லோடு ஆகாமல் "புரோகிராமர் பதில் தரவில்லை" என்று வந்தால் மூன்றைப் பாருங்கள்: போர்ட் சரியா, 0, 1 ஆகிய பின்களில் ஏதாவது செருகியிருக்கிறதா, நகல் நானோ (ஊனோவின் சிறிய வகை) என்றால் மெனுவில் 'பழைய பூட்லோடர்' தேர்ந்தெடுத்திருக்கிறதா.

புரோகிராமின் எலும்புக்கூடு எளிது. 'செட்டப்' பகுதி ஒருமுறை ஓடும், 'லூப்' பகுதி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். நம் வேலைக்கு செட்டப்பில் எழுதும் வரிகளின் வரிசை முக்கியம். சந்தையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பெரும்பாலானவை 'லோ' (பின்னில் 0 வோல்ட்) கொடுத்தால் சேருபவை. பின்னை முதலில் 'அவுட்புட்' என்று அறிவித்தால் அது 'லோ'வில் பிறக்கும். அடுத்த வரி அதை 'ஹை' ஆக்குவதற்குள் ரிலே ஒருமுறை 'டக்' என்று சேர்ந்து விடும். அதோடு காண்டாக்டரும் துள்ளும். வரிகளை மாற்றிப் போடுங்கள்: முதலில் 'டிஜிட்டல் ரைட்' கொண்டு 'ஹை', அதற்கடுத்து 'பின் மோட்' கொண்டு 'அவுட்புட்'. சத்தமே வராது.

இன்னொரு இடத்தையும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது போர்டுக்குப் போர்டு மாறும். ஒரு நிமிடம் காத்திருக்க 'டிலே' கட்டளைக்குள் 60 பெருக்கல் 1000 என்று எழுதுகிறோம். ஈ.எஸ்.பி. 32-இல் சரியாக ஒரு நிமிடம் நிற்கும். அதே வரி ஊனோவில் ஏறக்குறைய 49 நாள் நிற்கும். ஊனோவில் 'இன்ட்' என்பது 16 பிட். அதில் அடங்கும் பெரிய எண் 32767. 60000 அதில் அடங்காமல் சுற்றிவந்து கழித்தல் 5536 ஆகிவிடும். அந்தக் கழித்தல் எண் காத்திருக்கும் நேரமாக மாறும்போது நானூறு கோடி மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். போர்டு பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது. 60-க்குப் பின்னால் 'யு.எல்.' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் தீர்ந்தது. நேரம் சேமிக்கும் மாறிகளை எப்போதும் 'அன்சைன்ட் லாங்' என்றே அறிவியுங்கள். அதைவிட நல்லது, மோட்டாரைக் கவனிக்கும் புரோகிராமில் 'டிலே'யையே தவிர்த்து, 'மில்லிஸ்' கணக்கை (போர்டு விழித்ததிலிருந்து ஓடிய மில்லி விநாடிகள்) கழித்துப் பார்த்து ஓட்டுவது. 'டிலே'யில் நிற்கும் போர்டுக்குத் தொட்டி நிறைந்தது தெரியாது.

ஊனோவின் 2 கிலோபைட் எப்போது வலிக்கும் என்றால் திரை வைக்கும்போது. 128க்கு 64 புள்ளி ஓலெட் திரைக்கு வழக்கமான லைப்ரரி 1024 பைட் எடுத்துக்கொள்ளும், பாதி போய்விட்டது. தமிழில் காட்டலாம் என்று நினைத்தால் இன்னும் இறுக்கம். "தண்ணீர்" என்ற ஒரு சொல் யூனிகோடில் 7 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். அதை வரையும் எழுத்துருவும் போர்டில் கிடையாது. படமாக வரைந்து ஏற்றினால்தான் உண்டு. 16க்கு 2 எல்.சி.டி.யில் நாமே வடிவமைக்கும் எழுத்து எட்டுக்கு மேல் முடியாது. ஊனோவில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, ஒரு பஸ்ஸர் போதும். விளக்குக்கு 220 ஓம் மின்தடை போடுங்கள்.

மின்சாரம் கொடுக்க வட்டமான ஜாக்கில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால், மிச்சம் 7 வோல்ட்டையும் போர்டில் உள்ள ரெகுலேட்டர் வெப்பமாக எரிக்கும். ரிலேயும் விளக்கும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் எடுத்தால் 1.4 வாட், சித்திரை மாதத்தில் கை வைக்க முடியாது. நல்ல போன் சார்ஜரை யு.எஸ்.பி. வழியாகக் கொடுப்பதே நல்லது. சதுர 9 வோல்ட் பேட்டரி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

ஊனோவில் வைஃபை கிடையாது. வீட்டில் ஆள் இருக்கிறார், தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றால் போதும் என்றால், வைஃபை இல்லாததையே நாங்கள் நன்மையாகச் சொல்வோம். கெட்டுப்போக ஒன்று குறைவு.

நோட் எம்.சி.யூ.

நான்கில் மலிவானவற்றில் இது ஒன்று, வைஃபையும் உண்டு. ஏற்கெனவே பெட்டியில் கிடந்தால் பயன்படுத்துங்கள், புதிதாக வாங்கச் சொல்ல மாட்டோம். அனலாக் உள்ளீடு ஒன்றே ஒன்று. பின்களுக்கு அட்டையில் ஒரு பெயர், சிப்பில் வேறு எண்: டி1 என்பது 5, டி2 என்பது 4. டி3, டி4, டி8 மூன்றும் போர்டு விழிக்கும் நேரத்தில் அது எந்த வழியில் கிளம்ப வேண்டும் என்று தீர்மானிப்பவை.

நம் மிதவையை டி3-இல் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இரவு கரண்ட் போய் வரும். அந்த நேரம் தொட்டி பாதியில் இருக்கிறது, மிதவை மூடியிருக்கிறது, டி3 கிரவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. போர்டு விழிக்கும்போது "புரோகிராம் ஏற்றப் போகிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கும். உங்கள் புரோகிராம் ஓடாது. தொட்டி நிறைந்திருந்தால் மட்டும் சரியாக ஓடும். ஒருநாள் வேலை செய்து மறுநாள் படுத்துக்கொள்ளும் இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மிதவையையும் ரிலேயையும் டி1, டி2, டி5, டி6 ஆகியவற்றுக்குள்ளேயே வையுங்கள்.

லூப்புக்குள் இடைவெளி விடாமல் நெடுநேரம் சுற்றினால் வாட்ச்டாக் (புரோகிராம் சிக்கிக்கொண்டதா என்று கவனிக்கும் காவல்) போர்டை ரீசெட் செய்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். விழிக்கும்போது சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் சாளரம்) கிறுக்கல் வந்தால் பயப்பட வேண்டாம். அது 74880 வேகத்தில் பேசுகிறது.

ஈ.எஸ்.பி. 32

ஷாங்காயின் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் சிப், 2016-இல் வந்தது. இரண்டு கோர்கள், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத். விலையோ நகல் ஊனோவின் பக்கத்தில். எண்களை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை, இதுதான். ஆனால் 3.3 வோல்ட் போர்டு. 5 வோல்ட்டைப் பின்னில் கொடுத்தால் அந்தப் பின் போகலாம், சிப்பே போகலாம். அல்ட்ராசோனிக் சென்சாரின் 'எக்கோ' கம்பி 5 வோல்ட் தரும். அதை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் பிரித்து 3.3 ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது புதியவருக்குச் சுமை. கற்கும் மேசைக்கு ஊனோவை முன்னால் வைக்கும் காரணம் இதுதான்.

பின் தேர்விலும் கவனம் வேண்டும். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும்; உள் புல்-அப் கிடையாது. வெளி மின்தடை இல்லாமல் மிதவையை 34-இல் கட்டினால் காற்றைப் படிக்கும். 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்தோடு இணைந்தவை, தொடாதீர்கள். 12-ஆவது பின் விழிக்கும் நேரத்தில் 'ஹை'யாக இருந்தால் போர்டு கிளம்பாது. வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏ.டி.சி.யின் (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) பின்களில் அனலாக் படிக்க முடியாது. ரிலேக்கு 25, 26, 27. மிதவைக்கு 32, 33. இந்த ஐந்தோடு நின்றுகொண்டால் நம் வேலைக்கு வேறு எதுவும் தேவையில்லை.

5 வோல்ட் ரிலே மாட்யூலை 3.3 வோல்ட் பின் அரைகுறையாகத்தான் அணைக்கும். சில மாட்யூல்கள் சேர்ந்த ரிலேயை விடாமல் பிடித்துக்கொள்ளும். மாட்யூலில் 'ஜே.டி. வி.சி.சி.' என்ற ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றி, அந்த முனைக்கு 5 வோல்ட்டும், பக்கத்து வி.சி.சி. முனைக்கு 3.3 வோல்ட்டும் கொடுங்கள். ஜம்பர் இல்லாத மாட்யூலை இதற்கு வாங்காதீர்கள்.

ஆர்டுயினோ மென்பொருளிலேயே எழுதலாம். போர்ட்ஸ் மேனேஜரில் எஸ்பிரசிஃப் பெயரில் உள்ள தொகுப்பை இறக்க வேண்டும். சில நூறு எம்.பி. வரும்; போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்கள் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்லோடு "கனெக்டிங்" என்று புள்ளி புள்ளியாக ஓடி நின்றால், போர்டில் 'பூட்' பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்து, எழுத ஆரம்பித்ததும் விடுங்கள். வைஃபை கிளம்பும் நொடியில் 'பிரவுன்அவுட்' (மின்னழுத்தம் சரிந்தது) என்று சொல்லி ரீசெட் ஆனால் குறை புரோகிராமில் இல்லை. கேபிளோ சார்ஜரோ மெலிது. 5 வோல்ட், 1 ஆம்பியராவது தரும் சார்ஜரும் குட்டைக் கேபிளும் போடுங்கள். இந்தப் போர்டு அகலமானது, சாதாரண பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் கம்பி செருகும் துளைப் பலகை) ஒரு பக்கத் துளைகளையே விட்டுவைக்கும். இரண்டு பிரெட்போர்டுகளை ஒட்டி, நடுவில் பாலம் மாதிரி உட்கார வைப்பார்கள்.

இனி செட்டிநாட்டு வீட்டின் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய அந்தக் கனத்த சுவர்கள் இரண்டு மூன்றைத் தாண்டுவதற்குள் வைஃபை சோர்ந்துவிடும். முகப்பில் இருக்கும் ரூட்டர் பின்கட்டுக்கு எட்டும் என்று நம்பி எதையும் கட்டாதீர்கள். வழி விடுவது வளவுதான். வானம் திறந்த முற்றம் வழியாகச் சுவரைத் தொடாமல் அலை போகும். கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்த வீடு என்றால் அந்தக் கோட்டில் ரூட்டரை வையுங்கள். இந்தப் போர்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். ரூட்டரில் அந்த அலைவரிசை அணைந்திருந்தால் பெயரே தெரியாது. போர்டை இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் ரூட்டரே இருக்காது. அங்கேதான் ஈ.எஸ்.பி. 32 தன் அருமையைக் காட்டும். ரூட்டரும் இன்டர்நெட்டும் இல்லாமல் அதுவே ஒரு வைஃபை வலையை உருவாக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தன் போனை அதில் இணைத்து, பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் போர்டு தரும் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம்: "தொட்டி நிறைந்தது", "மோட்டார் 12 நிமிடமாக ஓடுகிறது". எழுத்தை வரைவது போன் என்பதால் போர்டுக்குச் சுமை இல்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் 'யூ.டி.எஃப். 8' என்று எழுத்துமுறையைக் குறிப்பிட மறந்தால் மட்டும் கட்டமும் கிறுக்கலுமாக வரும். ஆங்கிலத் திரையைப் பார்த்து மலைக்கும் ஒருவருக்குத் தன் மொழியில் தொட்டியின் நிலை தெரிவது சின்ன விஷயம் இல்லை. நினைவகத்தையும் வேகத்தையும்விட இதற்காகவே இந்தப் போர்டை வாங்கலாம்.

மாடியிலிருந்து கம்பி இழுக்க வழியில்லை, பழைய சுவரையும் ஆத்தங்குடிக் கல்லையும் உடைக்க மனமில்லை என்றால், இரண்டு ஈ.எஸ்.பி. 32 வாங்கி 'ஈ.எஸ்.பி. நவ்' முறையில் பேச வைக்கலாம். ரூட்டர் தேவையில்லை, ஒரு செய்தியில் 250 பைட் போகும், நமக்கு ஒரு பைட் போதும். இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வீட்டு ரூட்டரில் இணைத்தால் அது ரூட்டரின் சேனலுக்கு மாறிவிடும், மற்றதன் பேச்சு கேட்காது.

வைஃபையோ ஈ.எஸ்.பி. நவ்வோ, எதைச் சேர்த்தாலும் ஒரு விதியை விடாதீர்கள். மோட்டாரை நிறுத்தும் முடிவு அலை வந்து சேர்வதை நம்பி இருக்கக் கூடாது. மாடிப் போர்டு ஐந்து விநாடிக்கு ஒருமுறை "நிறையவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். 30 விநாடி அந்தக் குரல் கேட்காவிட்டால், கீழ்ப் போர்டு காண்டாக்டரை விட்டுவிட வேண்டும். அதோடு ஒரு நேர எல்லை: 1000 லிட்டர் தொட்டி வழக்கமாக 25 நிமிடத்தில் நிறைகிறது என்றால், 40 நிமிடத்தில் என்ன ஆனாலும் நிறுத்து. கோடையில் போர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றும் நாளில் இந்த எல்லைதான் அதைக் காப்பாற்றும்.

ராஸ்பெரி பை பீக்கோ

2021-இல் வந்தது. ஆர்.பி. 2040 என்ற சிப், இரண்டு கோர்கள், 264 கிலோபைட் நினைவகம், 3.3 வோல்ட். பைத்தானைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்த பிள்ளைகளுக்கு இதுதான் சுலபமான வாசல். 'பூட்செல்' பட்டனை அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகினால், கணினியில் பென்டிரைவ் மாதிரித் தெரியும். மைக்ரோபைத்தான் (சிறு போர்டுகளுக்கான பைத்தான்) கோப்பை அதில் இழுத்துப் போட்டதும் அந்த டிரைவ் மறைந்துபோகும். கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அதுதான் சரி. பிறகு 'தானி' மென்பொருளில் ஒரு வரி எழுதினால் அந்த வரி அப்போதே ஓடும். தப்பு எங்கே என்று அங்கேயே தெரியும். பூட்லோடர் (புரோகிராமை ஏற்றிக்கொள்ளும் அடிப்படை நிரல்) சிப்பிலேயே பதிந்திருப்பதால், எந்தப் புரோகிராமை ஏற்றினாலும் போர்டு மீட்க முடியாமல் போகாது. வகுப்பறைக்கு இது பெரிய நிம்மதி.

இதில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று. கணினியோடு இருக்கும்போது ஓடும். கழற்றிச் சார்ஜரில் செருகினால் ஓடாது. கோப்பை 'மெயின்.பை' என்ற பெயரில், போர்டுக்குள்ளேயே சேமித்திருக்க வேண்டும். வேறு பெயரில் சேமித்தாலும், கணினியில் சேமித்தாலும் அது தானாகக் கிளம்பாது. போர்டில் உள்ள விளக்கு 25-ஆவது பின். வைஃபை உள்ள பீக்கோ டபிள்யூவில் விளக்கு வைஃபை சிப்போடு இணைந்திருப்பதால் 25 என்று எழுதினால் எரியாது, 'எல்.ஈ.டி.' என்று பெயரால் அழைக்க வேண்டும். பின் கால்கள் பற்றவைக்காமல் வரும்; பற்றவைக்கத் தெரியாதவர்கள் 'எச்' என்ற எழுத்து சேர்ந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். சோல்டர் இல்லாமல் காலைத் துளையில் சும்மா செருகி வைத்தால் தொட்டும் தொடாமலும் ஓடி உயிரை எடுக்கும்.

இனி முடிவு

இதுவரை புரோகிராம் எழுதியதே இல்லை, கையில் ஒரே ஒரு போர்டுக்குத்தான் காசு என்றால் நகல் ஊனோ. தொட்டி வேலையையும் அதுவே முடித்துவிடும், கம்பி இழுக்க முடிந்தால் போதும். பைத்தான் தெரிந்த மாணவர் என்றால் பீக்கோ. தொட்டிக்குப் போடும்போது ஈ.எஸ்.பி. 32-க்குச் சொன்ன அதே ரிலே மாட்யூல் இதற்கும் வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது பார்த்துக்கொள்பவருக்குப் போனில் நிலை தெரிய வேண்டும், அல்லது கம்பிக்கு வழியில்லை என்றால் ஈ.எஸ்.பி. 32, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்று மேசையில் பழக, ஒன்று மாட்ட. கம்பிக்கு வழியில்லாத வீட்டில் மாட்டுவதற்கே இரண்டு வேண்டும். மாட்டிய போர்டைக் கழற்றி வந்து பழகத் தொடங்கினால் இரண்டு வேலையும் கெடும்.

போர்டோடு வாங்க வேண்டியவை: டேட்டா போகும் கேபிள், பிரெட்போர்டு, ஆண்-ஆண், ஆண்-பெண் ஜம்பர் கம்பிகள், 220 ஓம், 1, 2, 4.7 கிலோ ஓம் மின்தடைகள் பத்துப் பத்து, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சில, ஒரு பட்டன், மிதவை சுவிட்ச், ரிலே மாட்யூல், ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போக முடிகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கலாம், மற்றவர்களுக்கு கூரியர். பெரிய பிரெட்போர்டில் ஓரத்து மின்சார வரிசை நடுவில் துண்டாகியிருக்கலாம், மீட்டரை வைத்துப் பாருங்கள். ரிலேயின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டி முடித்ததும் மோட்டாரிடம் போகாதீர்கள். காண்டாக்டரை இன்னும் கட்டாமல், ரிலே சேரும் 'டக்' சத்தத்தையும் அதன் சிறு விளக்கையும் மட்டும் வைத்து இரண்டு நாள் மேசையிலேயே ஓடட்டும். மிதவையைக் கையால் தூக்குங்கள்: மூன்று விநாடியில் ரிலே விட வேண்டும். மிதவையை ஆட்டிக்கொண்டே இருங்கள்: ரிலே துடிக்கக் கூடாது. சார்ஜரைப் பத்து முறை பிடுங்கிச் செருகுங்கள், மிதவை மூடியபோது ஐந்து, திறந்தபோது ஐந்து: ஒருமுறைகூட ரிலே தானாகச் சேரக் கூடாது. நேர எல்லையை 40 நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடமாக்கி, தானாக விடுகிறதா என்று பார்த்துவிட்டு மறக்காமல் பழையபடி மாற்றுங்கள். இரண்டு போர்டு என்றால் மாடிப் போர்டை அணையுங்கள்: 30 விநாடியில் கீழே விட வேண்டும். கடைசியாக, ரிலே சேர்ந்திருக்கும்போது மிதவைக் கம்பியை உருவிவிடுங்கள். அப்போதும் விட்டால், எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடலாம்.